சைடு வீல் ஸ்கூட்டரில் சுமை எங்கே உட்கார வேண்டும்?

காஞ்சிபுரத்தில் பட்டு ஒரே கூரையின் கீழ் சேலையாவதில்லை. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் ஊருக்குள் வந்து இறங்கிய பிறகு சாயப் பட்டறை, நூல் இழைக்கும் வீடு, பாவு (நெடுக்கு நூல்) போடும் இடம், தறி வீடு என்று வாசல் வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் கூட்டுறவுச் சங்கத்துக்கோ காந்தி சாலைக் கடைகளுக்கோ போய்ச் சேர்கின்றன. பிள்ளையார்பாளையத்தின் சந்துகளுக்குள் நடக்கும் போக்குவரத்தில் பெரும்பகுதி இதுதான். சுற்றியுள்ள ஓரிக்கை, அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை நெசவாளர்களும் பாவை வாங்கிக்கொண்டு போய், நெய்த சேலையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். லாரிக்கும் வேனுக்கும் இதில் வேலையில்லை. மொபெட்டும் ஸ்கூட்டரும்தான் இந்தத் தொழிலின் சுமை வண்டிகள். அவற்றில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று, பின்பக்கம் இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். அரசு ஆவணங்களில் அதன் பெயர் இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர். தெருவில் சைடு வீல் வண்டி.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த வண்டியை இலவசமாக வழங்குகிறது. வேலைக்குப் போகிறவர்கள், சுயதொழில் செய்கிறவர்கள், படிக்கிறவர்கள் ஆகியோருக்கான திட்டம் இது. வண்டி கொடுக்கப்படுவதே பிழைப்புக்காக என்பது இதிலிருந்தே தெரிகிறது. பிழைப்பு என்றால் சுமை உண்டு. குழித்தறியில் மிதிகட்டையை இயக்குவது கால்தான். ஆகவே கால் ஒத்துழைக்காதவர்களுக்குப் பட்டுத் தொழிலில் மிஞ்சுவது பெரும்பாலும் தறிக்கு வெளியே உள்ள வேலைகள். நூல் இழைக்கலாம், தார் சுற்றலாம், சேலை வாங்கி விற்கலாம். இவை எல்லாவற்றிலும் பொருளை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் சேர்த்தாக வேண்டும். ஆனால் வண்டியில் அதற்கென்று இடம் ஒதுக்கப்படுவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள சிறு அறையும் கால் வைக்கும் பலகையும்தான் உண்டு. காலிபர் என்ற தாங்கு கருவி அணிந்த காலும் ஊன்றுகோலும் அந்தப் பலகையை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கும். எனவே வாங்கியவர் நேரே வெல்டிங் பட்டறைக்குப் போகிறார். பின்சக்கரங்களைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் ஒரு கேரியர் அங்கே முளைக்கிறது.

என் வாதம் இந்தக் கேரியரைப் பற்றியது. சைடு வீல் வண்டியில் சுமை ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அது பின்சக்கர அச்சைத் தாண்டி வெளியே தொங்கக் கூடாது. அச்சுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ, முடிந்தவரை தாழ்வாக, சீட்டிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தை அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு வண்டியைக் கொடுக்கும் அரசுக்கு உண்டு.

வரதராஜப் பெருமாள் கோயில் புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கை விளக்கத் தேவையில்லை. பெருமாள் எழுந்தருளுவது நீண்ட தண்டுகளின் நடுவில். முன்னால் நிற்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளும் பின்னால் நிற்பவர்களும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பாரத்தைப் பின்னால் நிற்பவர்களுக்கும் பின்னே, தண்டின் நுனியில் ஏற்றினால் என்ன ஆகும்? பின்னவர்களின் தோளில் முழுப் பாரமும் இறங்கும். முன்னவர்களின் தோளை விட்டுத் தண்டு எழும்பும். ஸ்கூட்டரிலும் இதேதான் நடக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 1.25 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கர அச்சிலிருந்து அரை மீட்டர் வெளியே, கேரியரில், 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று இருக்கிறது. இப்போது பின்சக்கரங்கள் மேல் கூடியிருப்பது 25 கிலோ அல்ல, 35 கிலோ. அந்தக் கூடுதல் 10 கிலோ முன்சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. அதே மூட்டை அச்சுக்கு நேர் மேலே இருந்தால் முன்சக்கரம் ஒரு கிராம்கூட இழக்காது.

10 கிலோ என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஸ்கூட்டரின் சொந்த எடையே 105, 110 கிலோதான். எஞ்சின் பின்னால் இருக்கிறது. ஓட்டுபவரும் பின்பக்கம் சாய்ந்தே உட்கார்கிறார். பொருத்திய சக்கரங்களும் அவற்றின் இரும்புச் சட்டமும் அதே பக்கம். ஆக, முன்சக்கரம் தாங்குவது முதலிலிருந்தே சிறிய பங்கு. வண்டியைத் திருப்புவது அந்த ஒரே சக்கரம். அது தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். வேகத்தடை மீது பின்சக்கரங்கள் ஏறி இறங்கும்போது தொங்கும் சுமை கீழ்நோக்கி உதைக்கும். அந்த நொடியில் இந்த 10 கிலோ அதன் பல மடங்காக வேலை செய்யும். இதைவிட மோசமான இடம் வீட்டு வாசல். நடக்க முடிந்தவர் தெருவில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். நடக்க முடியாதவர் வண்டியிலேயே உட்கார்ந்தபடி வாசல் சரிவில் ஏற வேண்டும். சரிவில் எடை தானாகவே பின்னால் நகரும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது இன்னும் நகரும். கேரியரில் மூட்டையும் இருந்தால் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப வேறெதுவும் வேண்டியதில்லை. காலை ஊன்றித் தடுக்க இயலாத ஒருவருக்கு இது நேரும்போது அதை வெறும் தடுமாற்றம் என்று ஒதுக்க முடியாது.

உலகில் மூன்று சக்கர மோட்டார் வண்டியைச் சுமைக்காக வடிவமைத்தவர்கள் பலரும் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் 1932இல் கொண்டுவந்த சர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டி 1973 வரை தயாரிப்பில் இருந்தது. வாகனப் பழுதுபார்ப்பவர்களும் போலீஸாரும் அதை வைத்திருந்தார்கள். அதன் பெரிய பெட்டி இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவே, அச்சின் மீதே உட்கார்ந்திருந்தது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1948இல் வெஸ்பா ஸ்கூட்டரின் பின்பாதியை மாற்றி அமைத்து ஆப்பே என்ற சுமை வண்டியை உருவாக்கியது. நம் ஊர் ஆட்டோவும் லோடு ஆட்டோவும் அந்த வம்சம்தான். அதிலும் சுமைத் தொட்டி பின்சக்கரங்களுக்கு மேலேயும் அவற்றுக்கு முன்னாலும் இருக்கிறது. இன்று மேலைநாடுகளில் உல்லாசப் பயணத்துக்கு வாங்கும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களில் பின்னால் கொக்கி பொருத்தி, அதில் தட்டு மாட்டி, கூடுதல் பெட்டிகளைக் கட்டிக்கொள்வது உண்டு. அதைப் பார்த்து நம் ஸ்கூட்டரிலும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றலாம். ஆனால் 2009 மாடலாக வெளிவந்த ஹார்லி ட்ரை கிளைடு போன்ற வண்டிகள் அரை டன்னுக்கு மேல் எடையுள்ளவை. பின்னால் தொங்கும் 25 கிலோ அந்த எடைக்கு 20இல் ஒரு பங்குதான். நம் ஸ்கூட்டருக்கோ ஏறக்குறைய கால்பங்கு. அவ்வளவு கனத்த வண்டிகளிலும் தட்டில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற வரம்பு உண்டு. வெல்டிங் பட்டறையில் வரம்பை எழுதிக் கொடுப்பவர் யார்?

அந்தக் கேரியரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியும். இரண்டு ஆங்கிள் இரும்புகள், குறுக்கே நாலைந்து கம்பிகள், சுற்றிக் கட்ட ஒரு பழைய சைக்கிள் டியூப். ஆங்கிளின் ஒரு முனை காற்றில் நிற்கிறது. மறுமுனை சைடு வீல் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சுமையின் மொத்தப் பாரமும் அந்தப் பற்றவைப்பில்தான் முறுக்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது மேலும் கீழும் வளைந்து நிமிர்கிறது. பற்றவைத்த சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறியிருக்கும். விரிசல் முதலில் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும், பெயின்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். துருவின் மெல்லிய கோடு ஒன்று வெளியே தெரியும்போது உள்ளே பாதி அறுந்திருக்கலாம். உடைவது கேரியர் மட்டுமாக இருந்தால் பொருள் நஷ்டத்தோடு போகும். சைடு வீல் சட்டமும் சேர்ந்து பிளந்தால் வண்டி நிற்பதற்கே ஆதாரம் போய்விடும். மூட்டை கட்டிய பிறகு பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறைந்துபோவது தனி. மாலையில் வேலூர் பக்கமிருந்து வரும் கனரக வாகனங்களுக்கு முன்னால் விளக்கு மறைந்த மெதுவான வண்டி எவ்வளவு பாதுகாப்பற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வண்டிகளில் இன்னொரு இயல்பான பலவீனம் இருக்கிறது. ஸ்கூட்டரின் பழைய பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்கிறது. எஞ்சின் ஓட்டுவதும் பின்பிரேக் பிடிப்பதும் அதைத்தான். இருபுறச் சக்கரங்களும் பெரும்பாலான அமைப்புகளில் சும்மா உருளுகிறவை. நடுச்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, இருபுறச் சக்கரங்களும் மேட்டில் நின்றால், நடுச்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும். பிரேக்கும் அதேபோல் பயனிழக்கும். சுமையைச் சைடு வீல் சட்டத்தின் மீதே ஏற்றும்போது அந்த எடையின் பெரும்பங்கு பிரேக் இல்லாத சக்கரங்களுக்குப் போகிறது. ஆகவே கனமான பொருளுக்குச் சரியான இடம் நடுச்சக்கரத்துக்கு நேர் மேலே, அதாவது பின்சீட்டு. அதில் ஆள் உட்காராதபோது மூட்டையைப் படுக்கவைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டலாம். இலேசான, விலைமதிப்புள்ள பொருளுக்கு இருபுறச் சக்கரங்களின் மட்கார்டுக்கு மேலே சீட்டின் பக்கவாட்டில் கிடைக்கும் இடம் பொருத்தமானது. பக்கத்துக்கு ஒன்றாக மூடியுள்ள சிறு பெட்டி வைத்தால் எடையும் இருபுறமும் சமமாக இருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முன்னால், கால் வைக்கும் பலகையில் வைத்துவிட்டால் முன்சக்கரம் நன்றாக அழுந்துமே என்ற யோசனையும் எழும். இங்கேதான் சைடு வீல் வண்டி இரண்டு சக்கர வண்டியிலிருந்து விலகுகிறது. முன்சக்கரத்தையும் இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துத் தரையில் ஒரு முக்கோணம் வரையுங்கள். முனை முன்னால், அகன்ற அடி பின்னால். வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளல் முக்கோணத்தின் கோட்டைத் தாண்டினால் வண்டி கவிழும். முனையை நோக்கிப் போகப் போக முக்கோணம் குறுகுகிறது. அதனால் முன்னால் ஏற்றும் சுமை, வளைவில் கவிழும் அபாயத்தைக் கூட்டுகிறது. அடிக்கோட்டைத் தாண்டிப் பின்னால் ஏற்றினால் முன்சக்கரம் கிளம்புகிறது. இரண்டு அபாயமும் குறைவாக உள்ள இடம் அகன்ற அடிக்கோட்டின் மீதும் அதற்குச் சற்று உள்ளேயும்தான். எங்கே வைத்தாலும் உயரம் கூடக்கூட கவிழும் வாய்ப்பும் கூடும்.

இருபுறமும் சக்கரம் இருக்கும்போது வண்டி எப்படிக் கவிழும் என்று நம்பிக்கையோடு கேட்பவர்களுக்கும் இதுவே பதில். இரு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. சைடு வீல் வண்டியால் சாய முடியாது. அது நிற்கும்போது விழாது. அதுதான் அதன் பெரிய வரம். ஓடும்போதும் விழாது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் மலைபோல் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்பது வலுவான ஆட்சேபம். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 1980இல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து தமிழ்நாட்டுச் சிறுதொழில்களின் பாதிப் பாரத்தை அந்தக் குடும்பத்து வண்டிகள்தான் சுமந்திருக்கின்றன. ஆனால் அந்த வண்டியை உற்றுப் பாருங்கள். பின்சீட்டைக் கழற்றினால் கிடைக்கும் தட்டையான இடம் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் இன்னொரு மூட்டைக்கு இடம் இருக்கிறது. முன்னும் பின்னுமாகச் சுமையைப் பங்கிட வழி வைத்தே அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதன் பிறகும் தடுமாறினால் ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திவிடுவார். எக்ஸ்எல்லின் வெற்றி என் வாதத்துக்குச் சாட்சியே தவிர, அதற்கு எதிரானதில்லை.

பட்டு இலேசான பொருள், இதற்கு இவ்வளவு கணக்குத் தேவையா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஒரு பட்டுச் சேலை பெரும்பாலும் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். மூன்று சேலைக்கான பாவும் சில கிலோவுக்கு மேல் போகாது. ஆனால் கேரியர் என்று ஒன்று இருந்தால் அதில் பட்டு மட்டும் ஏறாது. ரேஷன் அரிசியும் தண்ணீர் கேனும் அதில்தான் வரும். பட்டு இலேசானது என்பதாலேயே அதற்குத் திறந்த கேரியர் தேவையில்லை. ஒரு பெட்டி போதும். மழைத்துளி பட்டால் கறை, கிரீஸ் பட்டால் கறை, ஜரிகை உராய்ந்தால் கூலியில் பிடித்தம். நெசவாளியின் மாதக் கணக்கான உழைப்பு அந்தச் சிறு மூட்டைக்குள் இருக்கிறது. அதைத் திறந்தவெளியில், சேறு தெறிக்கும் இடத்தில், ரப்பர் டியூபில் கட்டிக்கொண்டு போவது தொழிலுக்கே பொருந்தாது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது கை எட்டும் தூரம். பின்னால் நீண்ட கேரியரில் பொருளைக் கட்டவோ அவிழ்க்கவோ இறங்கிச் சுற்றி வர வேண்டும். ஊன்றுகோலோடு அது எளிதல்ல. ஆகவே ஒவ்வொரு முறையும் இன்னொருவரை அழைக்க வேண்டியிருக்கிறது. “அண்ணே, அந்த மூட்டையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கண்ணே” என்று கேட்காமல் நாள் முழுக்க வேலை பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகத்தானே இந்த வண்டி? கட்டு தளர்ந்து பின்னால் ஏதாவது விழுந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் திரும்பிப் போய் எடுக்க வழியில்லை. பெரும்பாலான இந்த வண்டிகளில் ரிவர்ஸ் கியரும் கிடையாது. சீட்டின் பக்கவாட்டுப் பெட்டி என்றால் உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்து சேலையைக் கொடுத்துவிட்டு, பாவை வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பலாம். பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஊன்றுகோலை மாட்ட இரண்டு கொக்கியும் வைத்துவிட்டால் கால் பலகையும் விடுபடும்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக உரிய ஒப்புதலோடு செய்யும் மாற்றங்களை அதே பிரிவு அனுமதிக்கிறது. 2019 திருத்தம் அத்தகைய வண்டிகளுக்குத் தனி வரையறையும் தந்தது. ஒப்புதல் பெற்ற அமைப்பின் மேல் தெருவோரத்தில் பற்றவைத்த கேரியர் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் விரல் நீட்டுவதும் அதை நோக்கித்தான். இரு சக்கர வண்டிகளுக்கு மத்திய அரசு 2020இல் விதியைத் திருத்தி, 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரத்துக்கு மேற்படாத இலேசான பெட்டியை அனுமதித்தது. பின்சீட்டில் பெட்டி இருந்தால் ஆள் ஏற்றக் கூடாது என்றும் சொன்னது. சுமை தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொண்டு அதற்கு அளவும் இடமும் வகுத்த நல்ல விதி அது. சைடு வீல் வண்டிக்கும் அதேபோல் தெளிவான ஓர் அளவு தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தனிப்பட்ட நடமாட்டத்துக்காக வண்டிகளை மாற்றியமைத்துத் தரும் திட்டங்களை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. நடமாட்டம் என்பதற்குள் பிழைப்புப் பொருளோடு நடமாடுவதும் அடங்கும் என்று படிப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு நியாயம்.

பெட்டியைக் கொடுத்தால் அதிகச் சுமை ஏற்றுவார்கள், விபத்து கூடும் என்று அதிகாரிகள் தயங்கக்கூடும். அதிகச் சுமை இப்போதே ஏறுகிறது. அதுவும் மோசமான இடத்தில். எல்லையில்லாத திறந்த கேரியரில் மூட்டை மேல் மூட்டை அடுக்கலாம். மூடியுள்ள சிறு பெட்டி தன் கொள்ளளவாலேயே வரம்பு விதித்துவிடும். செலவு கூடும் என்ற வாதத்திலும் வலு இல்லை. இணைப்புச் சக்கரச் சட்டம் ஏற்கெனவே தனியாகத் தயாரித்துப் பொருத்தப்படுகிறது. அதைச் செய்யும்போதே போல்ட் துளைகளும் தகரப் பெட்டியும் சேர்த்துச் செய்தால், முழு வண்டியின் விலையில் அது சிறு பகுதியாகத்தான் இருக்கும். பிறகு பட்டறையில் பற்றவைக்கும் பணமும் வாங்குபவருக்கு மிச்சம்.

ஆகவே மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து வண்டிகள் வாங்கும்போது ஒப்பந்த விவரக்குறிப்பில் நான்கு வரிகளைச் சேருங்கள். இருபுறமும் பூட்டக்கூடிய, மழை புகாத பெட்டி. ஊன்றுகோல் கொக்கி. பின்சீட்டில் மூட்டை கட்டப் பட்டையும் வளையமும். ஏற்றக்கூடிய எடை எவ்வளவு என்று ஓட்டுபவர் கண்ணில் படும்படி தமிழில் எழுதிய தகடு. வண்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பின்னால் நீண்ட கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கனமானதைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கட்டுங்கள். அந்தப் பயணத்தில் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்.